கண் தெரியாத சென்டர் ஹாஃப்

அன்றைக்கு மாட்டுங்கா மைதானத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோலில் அந்தோணி. எங்கள் டீமுக்குக் கேப்டனும் அவன்தான்.

இடது ஓரத்தில், லெஃப்ட் அவுட்டில், பீர் முகம்மது. என்னோடு தோல் ஷாப்பில் வேலை. ஒரு பூட்ஸின் அடி பெயர்ந்து வாயைத் திறந்திருந்தது. சணல் போட்டுக் கட்டியிருந்தான்.

வலது ஓரத்தில், ரைட் அவுட்டில், இசக்கி. என் அத்தை மகன். என் தங்கையைக் கட்டப் போகிறவன்.

நடுவில், சென்டர் ஹாஃபில், நான்.

மீதி ஏழு பேர். அவர்கள் மேல் குற்றமில்லை. பெயர் வேண்டாம்.

கோட்டுக்கு வெளியே அய்யா. அதாவது எங்கள் அப்பா. கையில் குடை. விரிக்கவில்லை. (புதுக் குடை. நனைந்துவிடுமாம்.)

நாற்காலி போட்டு மில் ஆபீஸர். அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஒரு பியூன்.

எதிர் டீம் பதினோரு பேர். மாட்டுங்காக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சாக்ஸ். அதில் ஒருவரை மட்டும் சொல்ல வேண்டும். அவர்களுடைய சென்டர் ஹாஃப். கண்ணாடி போட்டவர். நூல் கட்டித் தலைக்குப் பின்னால் முடிந்திருந்தார்.

ஒரு நாய்.

வராதவள் என் தங்கை பேச்சி. அப்போதெல்லாம் பெண்பிள்ளைகள் மைதானத்துக்கு வரமாட்டார்கள். ஆனால் அந்த ஆட்டமே அவளுக்காகத்தான்.

இந்த ஆட்டத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் யாராவது ஆரம்பிப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தக் கதை பாதிதான் சரி. மீதிப் பாதி எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் இன்னொருத்திக்கும்.

எல்லையில் சண்டை வந்து ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினோமே, அதற்கு முந்தின வருஷத்து மழைக்காலம். எனக்கு இருபத்தொரு வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தாராவியில் தோல் ஷாப்பில் வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு ஊற வைப்பார்கள். அதில் இறங்கி நின்று தோலைப் புரட்டுவது என் வேலை. முழங்கால் வரைக்கும் சுண்ணாம்புத் தண்ணீர். காலில் தோல் உரியும். (மாட்டுத் தோலும் உரியும், என் தோலும் உரியும். கூலி ஒரு தோலுக்குத்தான்.)

ஃபுட்பாலில் எனக்கு ஒன்று மட்டும் வரும். ஓட்டம் கிடையாது. ஹெட்டிங் கிடையாது. ஆனால் ஃப்ரீயாக நிற்கிற ஆளைக் கண்டுபிடிப்பேன்.

இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஈரத் தோலைத் தலையில் அடுக்கிக்கொண்டு எங்கள் சந்தில் நடந்தவனுக்கு அது தானாக வரும். தலையைத் திருப்ப முடியாது. நிற்க முடியாது. எதிரில் தள்ளுவண்டி, தண்ணீர்க் குடம், சைக்கிள். எந்த இடத்தில் வழி திறக்கப் போகிறது என்று பத்தடி முன்னாலேயே தெரிய வேண்டும். திறந்த பிறகு பார்த்தால் லேட்.

ஆட்டத்திலும் அப்படித்தான். பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். எதிராளியின் முகத்தைப் பார்க்கக் கூடாது. முகம் ஏமாற்றும். குதிகாலைப் பார்க்க வேண்டும். குதிகாலை ஊன்றி நிற்கிறவன் உடனே ஓட மாட்டான். அப்புறம் தலை. பந்து எங்கே என்று எவன் தலையைத் திருப்புகிறானோ, அவன் தன் ஆளை மறந்துவிட்டான் என்று அர்த்தம். அவன் முதுகுக்குப் பின்னால் நம் ஆள் ஃப்ரீ.

எங்கள் டீமில் ஒரு சட்டம் உண்டு. அந்தோணி போட்டது. ஃப்ரீயாக நிற்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. 'ஏலே, குடுலே' என்று கத்தினால் எதிராளி திரும்பிவிடுவான். சும்மா நிற்க வேண்டும். கையை டிரவுசரில் ஒரு தடவை துடைக்க வேண்டும். அதுதான் அடையாளம். பார்ப்பது சென்டர் ஹாஃப் வேலை.

ஆக, யார் ஃப்ரீயாக நின்றார்கள், எத்தனை தடவை நின்றார்கள் என்று நின்றவனுக்குச் சுமாராகத் தெரியும். எனக்குச் சரியாகத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் மில்களில் ஃபுட்பால் டீம் இருந்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். பெர்மனென்ட் வேலை. காய்ந்த தரை. தலைக்கு மேலே ஃபேன். அப்படி ஒரு மில்லில் இருந்து ஆபீஸர் வருகிறார், ஒரு ஆள் எடுக்கப் போகிறார் என்று அந்தோணி செய்தி கொண்டுவந்தான். மாட்டுங்கா டீமோடு எங்களுக்கு மேட்ச். ரெண்டு டீமிலும் பார்த்து ஒருவன்.

ஒருவன் என்றதும் எங்கள் சந்து முழுக்க ஒரே பேச்சு. இசக்கி.

தப்பில்லை. அவன்தான் எங்களில் நல்ல ஆட்டக்காரன். பந்து காலில் வந்தால் பிடிக்க முடியாது. அதோடு அவனுக்கு வேலை வேண்டியிருந்தது. டாக்சி கழுவிக்கொண்டிருந்தான். ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. அய்யா அத்தையிடம் சொல்லியிருந்தார்.

"பெர்மனென்ட் வேலைன்னு ஒண்ணு கெடைக்கட்டும். தையில கல்யாணத்த வச்சிருவோம். இல்லன்னா நான் ஊர்ல மாப்பிள்ளை பாக்கணும். பிள்ளைக்கு வயசாகுதுல்லா."

பேச்சிக்குப் பத்தொன்பது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

ஆட்டத்தன்று காலையில் சட்டை துவைத்துக் காயப் போட்டிருந்தாள். ரெண்டு சட்டை. இசக்கி சட்டைக்கு நீலம் போட்டிருந்தாள். என்னுடையதற்கு இல்லை.

"எனக்கு?" என்றேன்.

"நீலம் தீந்து போச்சுண்ணே."

அத்தையும் இசக்கியும் பக்கத்து அறைதான். அய்யா அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு முட்டை அவித்திருந்தது. ஒன்றுதான். அதை இசக்கி தட்டில் வைத்தார். அவன் பாதியைப் பிய்த்து என் தட்டில் போட்டான்.

"நீ தின்னு மாப்பிள்ளை" என்று அய்யா அந்தப் பாதியை எடுத்துத் திரும்ப அவன் தட்டிலேயே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலே பரமசிவம். நீ பந்த இவன்கிட்ட குடுக்கணும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். கேட்டியா?"

"சரி" என்றேன்.

சரி என்றுதான் நினைத்தேன். பொய்யில்லை. ஆனால் மாட்டுங்கா வரைக்கும் நடந்து போகும்போது 'வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்' என்பது காதில் இருந்துகொண்டே இருந்தது. பூட்ஸுக்குள் கால் எரிந்தது. சுண்ணாம்புப் புண். காய்ந்த தரை என்பதைப் பற்றி யோசித்தேன். ஃபேனைப் பற்றி யோசித்தேன். ஆபீஸருக்கு இசக்கியின் முகம் தெரியாது. என் முகமும் தெரியாது. இப்படியும் யோசித்தேன்.

ஆட்டம் தொடங்கியது. மழை தூறிக்கொண்டிருந்தது.

முதல் தடவை ஐந்து நிமிஷத்துக்குள். பந்து என்னிடம் வருகிறது. வருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். அவர்களுடைய பேக், இசக்கியைப் பிடித்துக்கொள்ள வேண்டியவன், தலையைத் திருப்பிப் பந்தைப் பார்க்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் இசக்கி. டிரவுசரில் கையைத் துடைக்கிறான். முன்னால் காலி மைதானம்.

என் கால் வலது பக்கம்தான் போயிருக்க வேண்டும். போகவில்லை.

நான் பந்தை வைத்துக்கொண்டு ஓடினேன். ஆபீஸர் பார்க்கட்டும் என்று. வாழ்க்கையில் அதுவரை பந்தோடு ஓடினவன் இல்லை. நாலு அடி. ஐந்தாவது அடியில் பந்து ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். சேற்றில் முகம் குப்புற விழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். (அந்தக் கண் துடைத்தது பின்னால் எனக்குச் சாட்சியாயிற்று. அப்போது தெரியாது.)

இசக்கி ஓடிவந்து தூக்கிவிட்டான்.

"அடி பட்டுச்சா மச்சான்?"

"இல்ல."

"சரி விடு. அடுத்தது பாத்துக்கலாம்."

அடுத்ததும் பார்த்தேன். மறுபடி அதே பேக், அதே தலை. இசக்கி கையைத் துடைத்தான். நான் பீர் முகம்மதுக்கு அடித்தேன். பீர் முகம்மதைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். அவன் பந்தைக் கண்டதும் பயந்துபோய் ஓங்கி உதைத்தான். சணல் அறுந்தது. பந்து கொஞ்ச தூரம் போனது. பூட்ஸ் அதைத் தாண்டி நேரே போய் ஆபீஸருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் விழுந்தது. பியூன் அதைக் குடை நுனியால் தள்ளிவிட்டான். அந்த நேரத்தில் ஆபீஸர் நனைந்தார்.

"எனக்கு ஏன்லே தாரே?" என்று பீர் முகம்மது ஒற்றைப் பூட்ஸோடு வந்து கேட்டான். "அங்ஙன மாப்பிள்ளை சும்மா நிக்கான். கல்யாணப் பந்தல் மாதிரி எடம் கெடக்கு."

"பாக்கல" என்றேன்.

அதுதான் முதல் தடவை அந்த வார்த்தையைச் சொன்னது. சொல்ல எளிதாக இருந்தது.

இடைவேளையில் அந்தோணி ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். எல்லோருக்கும் ரெண்டு சுளை. எனக்கு ஒன்று.

"பரமசிவம், ஒனக்கு இன்னிக்கு என்னடே ஆச்சு? நீ பாக்காத ஆளா?"

"மழை. கண்ணுல அடிக்கி."

இசக்கி தன் சட்டை நுனியைப் பிழிந்து என் முகத்தைத் துடைத்துவிட்டான். நீலம் போட்ட சட்டை. என் முகத்துச் சேறு அதில் ஒட்டிக்கொண்டது.

அங்கே மாட்டுங்கா டீம் பக்கம் அந்தக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி, கிழிந்த வேஷ்டித் துண்டு ஒன்றால் துடைத்து, மறுபடி நூலை முடிந்துகொண்டிருந்தார். அவர் ஆட்டத்தை அப்போதுதான் கவனித்தேன். ஒன்றும் செய்யவில்லை மனுஷன். ஓடவே இல்லை. பந்து வரும். ஃப்ரீயாக நிற்கிறவனுக்குக் கொடுப்பார். அவ்வளவுதான். நான் தினம் செய்கிற வேலை அது. அன்றைக்கு அவர் செய்துகொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியிலும் அப்படித்தான். மொத்தம் எத்தனை தடவை என்று கடைசியில் சொல்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒரு தடவை நானே கோலுக்கு அடித்தேன், முப்பது கெஜத்தில் இருந்து. அது மைதானத்தைத் தாண்டி ரோட்டில் போன விக்டோரியா வண்டியின் கூரையில் விழுந்தது. குதிரை மிரண்டு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடியது. பந்தை வாங்கி வர ரெண்டு பேர் பின்னால் ஓடினார்கள். இன்னொரு தடவை இசக்கி ரொம்ப நேரம் ஃப்ரீயாக நின்றான். கையைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். டிரவுசர் ஓட்டையாகிவிடும் போல இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சட்டம் சட்டம்தான் அவனுக்கு.

கடைசி. இன்னும் ரெண்டு மூன்று நிமிஷம் இருக்கும். கோல் யாருக்கும் இல்லை. பந்து என்னிடம். மாட்டுங்காக்காரர்கள் அத்தனை பேரும் களைத்துப்போய்க் குதிகாலில் நிற்கிறார்கள். இசக்கியின் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, கோல் வரைக்கும் வழி காலி.

கோட்டுக்கு வெளியே இருந்து அய்யா கத்தினார். அவருக்கு எங்கள் சட்டம் தெரியாது.

"வலது பக்கம்லே! வலது பக்கம்!"

எனக்கு வலது பக்கம் எது என்று தெரியும். இடது பக்கம் திரும்பினேன். அங்கே அடைப்பு. பந்தை விடாமல் வைத்திருப்பதை ஆபீஸர் பார்க்கட்டும் என்று பின்பக்கம் திரும்பினேன். மூன்று பேர் என் மேல் வந்தார்கள். பயத்தில் அந்தோணிக்கு பேக் பாஸ் அடித்தேன்.

அந்தோணி கோலில் இல்லை. எப்படியும் பந்து இசக்கிக்குத்தான் போகும், அவன் கோல் போடுவதைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம் என்று பாதி மைதானம் ஏறி வந்துவிட்டான். என்னை நம்பித்தான் வந்தான்.

பந்து அவனைத் தாண்டிப் போனது. மெதுவாகப் போனது. அவ்வளவு மெதுவாக ஒரு கோலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நாய் ஒன்று சொன்னேனே, அது பந்துக்குப் பக்கத்திலேயே கூட நடந்து போனது. கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் தண்ணீர் தேங்கியிருந்தது. பந்து அதில் போய் நின்றுவிட்டது. நாயும் நின்றது. எல்லோரும் மூச்சு விட்டோம். அந்தோணி விடவில்லை. ஓடிப் போய்ப் பந்தின் மேல் பாய்ந்தான். சேறு வழுக்கியது. அந்தோணியும் பந்தும் சேர்ந்து கோலுக்குள் போனார்கள்.

விசில்.

ஆபீஸர் எழுந்தார். மராட்டிக்காரர். நல்ல மனுஷன் போலத்தான் இருந்தார். முதலில் மாட்டுங்கா டீமிடம் போய்க் கண்ணாடிக்காரர் தோளில் தட்டினார். அவர் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு எங்களிடம் வந்தார்.

"ரைட் அவுட் கோன் ஹை?"

இசக்கி முன்னால் வந்தான்.

"தும்கோ மை தேக்கா. அச்சா தௌட்தா ஹை. லேகின் பால் ஹீ நஹி மிலா. மை க்யா லிக்கூ?"

நன்றாக ஓடுகிறாய், ஆனால் பந்தே வரவில்லை, நான் என்னத்தை எழுத. அவ்வளவுதான் கேட்டார். இசக்கி தலையை ஆட்டினான். அவர் கேட்டது நியாயம் என்கிற மாதிரி ஆட்டினான்.

பிறகு ஆபீஸர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவனுக்குக் கண்ணாடி இருக்கு, ஆனாலும் பாக்கிறான்" என்று இந்தியில் சொன்னார். "தும்ஹாரா ஆங்க் கராப் ஹை க்யா?"

கண் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார். கோபத்தில் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். சேற்றோடு அந்தோணி. ஒற்றைப் பூட்ஸோடு பீர் முகம்மது. விரிக்காத குடையோடு அய்யா. எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

"ஹாங் சாப்" என்றேன், ஆமாம் என்று.

பிறகு அய்யா குடையை விரித்தார். என் தலைக்கு மேல் பிடித்தார்.

"சுண்ணாம்புத் தொட்டி" என்றார். "அந்தச் சுண்ணாம்புதான். நான்தான இவன அங்க கொண்டு விட்டேன்."

அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தக் குடைக்குக் கீழே நின்று சொல்ல வாய் வரவில்லை. அடி விழும் என்று பயந்திருந்தேன். அடி விழுந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

திரும்பி வரும்போது இசக்கி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நீ பாக்கேன்னு நெனச்சுல்லா நான் வாய மூடிக்கிட்டு நின்னேன். கத்தியிருப்பேன்லா."

"ம்."

"எத்தன நாளா இப்பிடி?"

"கொஞ்ச நாளா."

"படி இருக்கு. ஏறு. இன்னொண்ணு. இனி சமதரை."

மாட்டுங்கா ரயில் பாலத்தில் என்னைக் குருடனைப் போல் ஏற்றி இறக்கினான். ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு அம்மாள் உச்சுக் கொட்டினாள். பாலத்தைத் தாண்டிச் சாணி கிடந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. இசக்கி அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துவிட்டான். நான் நேரே போய் மிதித்தேன். பொய் சொன்னால் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும் அல்லவா.

"அய்யோ, நான் பாக்கல மச்சான். என் தப்பு" என்றான்.

அவன் தப்பாம்.

மறு வாரம் கண் டாக்டர். சும்மா பார்க்கிற தர்ம ஆஸ்பத்திரி. இசக்கி அன்றைய வேலையை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப் போனான். இங்கிலீஷ் படிக்காதவர்களுக்கு என்று ஒரு அட்டை வைத்திருந்தார்கள். மூன்று கால் போட்ட ஒரே எழுத்து, பெரிதும் சிறிதுமாக. கால் மேலேயா, கீழேயா, வலதா, இடதா என்று கையால் காட்ட வேண்டும்.

நான் எல்லாவற்றையும் தப்பாகக் காட்டினேன். வலதா, மேலே காட்டினேன். கீழேயா, இடது காட்டினேன். இது சுலபம் இல்லை. நன்றாகப் பார்த்தால்தான் தப்பாகக் காட்ட முடியும். கடைசி வரிசை எறும்பு மாதிரி இருந்தது. அதையும் ஒன்று விடாமல் பார்த்து, ஒன்று விடாமல் தப்பாகக் காட்டினேன்.

டாக்டர் வயசானவர். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நிஜமாகவே கண் தெரியாதவன் குத்துமதிப்பாகக் காட்டினால்கூட நாலுக்கு ஒன்று சரியாகியிருக்கும். அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவருக்கு அப்போதே உறைத்திருக்கும். ஆனாலும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் ஜன்னல் கண்ணாடிதான். எல்லாம் முன்னைப் போலவே தெரிந்தது. பாரம் மட்டும் மூக்கில்.

"இப்ப தெரியுதா மச்சான்?" என்று இசக்கி முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து கேட்டான்.

"தெரியுது" என்றேன். அவன் சிரித்தான். அவ்வளவு சந்தோஷம்.

அதன்பின் எனக்கு எல்லாம் நல்லதாகவே நடந்தது. அதுதான் கேவலம். அய்யா தோல் ஷாப் முதலாளியிடம் போய் அழுதார். என்னைச் சுண்ணாம்புத் தொட்டியில் இருந்து எடுத்துத் தோல் அடுக்குகிற இடத்தில் போட்டார்கள். காய்ந்த தரை. ஃபேன் மட்டும்தான் இல்லை. வீட்டில் முட்டை எனக்கு வந்தது. முழுசாக. கண்ணுக்கு நல்லது என்று பக்கத்து வீடுகளில் இருந்து பொன்னாங்கண்ணிக் கீரை வந்தது. தினம் கீரை. அதைத் தின்பதற்கு நான் பட்ட பாட்டைத் தண்டனையில் கழித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். கழியவில்லை.

டீமில் இருந்து நானாக நின்றுகொண்டேன். என் இடத்தில் பீர் முகம்மது ஆடினான். அவனுக்கு ஆளைப் பார்க்கத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வலது பக்கம் அடிப்பான். அது போதுமாக இருந்தது.

அய்யா ஊருக்குக் கடிதம் போட்டார். மாப்பிள்ளை ஒருவர் வந்து பார்த்தார். பேச்சி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னை அத்தை மகனுக்குன்னு சொல்லியாச்சு" என்று வந்தவரிடமே சொல்லிவிட்டாள். அய்யா மூன்று வாரம் அவளோடு பேசவில்லை.

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள். பேச்சி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாய்ந்திருந்தேன். ஊசியில் நூல் கழன்றுவிட்டது. சின்ன வயதில் இருந்து அவளுக்கு ஊசி கோத்துக் கொடுப்பது நான்தான். பழக்கத்தில் நீட்டினாள். பழக்கத்தில் வாங்கினேன். நூலை நாக்கில் நனைத்து, ஒரே தடவையில் கோத்து, நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு கூட ஏற்றவில்லை. சாயங்கால வெளிச்சம்தான்.

எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ஊசியைக் கீழே போடலாமா என்று நினைத்தேன். போட்டு என்ன.

"அன்னிக்கு எத்தன தடவண்ணே?" என்றாள்.

நான் நூல் நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. பேச்சி ஊசியை என் விரலில் இருந்து எடுத்துக்கொண்டாள்.

"கண்ணாடிய மாட்டிக்க. அய்யா வாராரு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அதைக் கேட்டதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. ஊசி மட்டும் என்னிடம் நீட்டுவதில்லை.

இசக்கிக்கு இரண்டு வருஷம் கழித்துச் செம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஃபுட்பாலுக்காகத்தான் கொடுத்தார்கள். பீர் முகம்மது பந்து கொடுத்து வாங்கிய வேலை. கல்யாணத்தில் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பந்தி பரிமாறினேன். வடை வைத்துக்கொண்டே வந்தவன் எப்படியோ இசக்கியின் இலையை விட்டுவிட்டேன். இதைச் சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. பீர் முகம்மது எதிர் வரிசையில் இருந்து குரல் கொடுத்தான்.

"மச்சான், வலது பக்கம் ஒரு ஆள் ஃப்ரீயா இருக்காம்லே!"

பந்தி முழுக்கச் சிரித்தது. அன்றைக்குப் பிடித்தது. இன்னும் விடவில்லை. நான் எதையாவது தேடினால், டீ கொடுக்கும்போது ஒருவரை விட்டுவிட்டால், கடைத்தெருவில் தெரிந்தவரைப் பார்க்காமல் போனால், யாராவது சொல்வார்கள். மருமகள்கள் சொல்வார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை. அவர்களும் இதை மட்டும் தமிழில் சொல்வார்கள். வலது பக்கம் ஒரு ஆள் ஃப்ரீயா இருக்கான் தாத்தா.

கதையைச் சொல்வது எப்போதும் இசக்கிதான். எழுந்து நின்று, கையை டிரவுசரில் துடைப்பது போல வேஷ்டியில் துடைத்துக் காட்டுவான். "பாவம், எங்க மச்சானுக்குக் கண்ணு தெரியாது. நான் எத்தன தடவ நின்னேன் தெரியுமா? நாலு தடவ!" என்பான். அப்போது பேச்சி தண்ணீர் எடுக்க எழுந்து உள்ளே போய்விடுவாள். செம்பில் தண்ணீர் இருந்தாலும் போவாள்.

இப்போது எனக்கு நிஜமாகவே கண்ணாடி வேண்டியிருக்கிறது. வயசாயிற்று. இசக்கிக்கு அதுவும் உதவவில்லை. மகனோடு வாஷியில் இருக்கிறான். புரை முற்றிப்போய், ஆபரேஷன் செய்தும் சரியாக வரவில்லை. பேப்பரை எல்லாம் பேச்சிதான் வாசித்துக் காட்டுகிறாள். போன மாதம் போயிருந்தேன். வாசல் வரை வந்தான். நான் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "படி இருக்கு மாப்ள" என்றேன். "இனி சமதரை" என்றேன். அவன் சிரித்தான். அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

இதை எழுதிக் கொடுக்கச் சொல்லி நம் ஊர்ச் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறவர்கள் கேட்டார்கள். சிரிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றார்கள். புத்தகம் வாஷிக்கும் போகும். பேச்சி வாசிப்பாள். அவனுக்கு வாசித்துக் காட்டுவாளா, இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போவாளா, அது அவள் இஷ்டம். அன்றைக்கு அவள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதிவிடுகிறேன்.

நாலு இல்லை, பேச்சி.

ஒன்பது.